பதினான்கு லட்சம் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது யார்?

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: செஸ் ஆனந்த் பெயரில் வானத்தில் ஒரு கல் சுற்றுகிறது என்று. அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதக் கட்டில் முக்கால்வாசி அந்தக் கல்லைப் பற்றியே. ஆகவே சினிமாவும் கூட்டணியும் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரட்டும்.

ஆனந்த் பெயரில் கல்லா? கதை விடுகிறீர்களா?
— ஒரு வாசகர், கரூர்

நான் எதையும் விடவில்லை, அது தானாகவே சுற்றுகிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே திரியும் சிறுகோள் கூட்டத்தில் 4538-ஆம் எண், பெயர் விஷியானந்த். 1988 அக்டோபரில் ஜப்பானின் டொயோட்டா நகரத்திலிருந்து கென்ஸோ சுஸுகி என்பவர் கண்டுபிடித்தார். ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அதே 1988-ல்தான். ஆனால் பெயர் சூட்டியது 2015-ல். இருபத்தேழு வருஷம் பிள்ளை பெயரில்லாமலே வளர்ந்திருக்கிறது. செஸ் சாம்பியன்கள் அலெகின், கார்போவ் இருவருக்கும் முன்பே ஆளுக்கொரு கல் உண்டு. அலெகினுடைய எண் 1909. அது ஆண்டு அல்ல, வரிசை எண். இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் நாலு கடிதம் வரும்.

பேரன் பிறந்திருக்கிறான். அவன் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைக்க எவ்வளவு கட்ட வேண்டும்? காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் அனுப்புகிறார்களாமே?
— பெயர் வெளியிட விரும்பாத தாத்தா, ஈரோடு

பைசா கட்ட வேண்டாம். கட்டினாலும் நடக்காது. சிறுகோள் பெயர்கள் விற்பனைக்கு இல்லை என்பது விதி. பெயரை ஏற்பதும் தள்ளுவதும் சர்வதேச வானியல் சங்கத்தின் பெயரிடும் குழு. வேறு யாராவது பணம் வாங்கிக்கொண்டு தங்கநிற ஓரம் போட்ட காகிதம் கொடுத்தால், அதன் மதிப்பு லேமினேஷன் செய்த கூலி மட்டுமே.

ஆனால் ஒரு காலத்தில் விற்றிருக்கிறார்கள் என்பதையும் ஒளிக்கக் கூடாது. யோஹான் பாலிசா என்று ஓர் ஆஸ்திரியர். கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தே 122 சிறுகோள்களைப் பிடித்த அசுரர். 1886-ல் வரவிருந்த முழு சூரிய கிரகணத்தைப் போய்ப் பார்க்க ஆசை; கையில் காசில்லை. 1885-ல் ஒரு விளம்பரம் கொடுத்தார்: நான் கண்டுபிடித்த சிறுகோளுக்குப் பெயர் சூட்டும் உரிமை, விலை 50 பவுண்டு. வியன்னாவின் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ராத்ஸ்சைல்டு வாங்கினார். தன் மனைவி பெயரை வைத்தார். 250-ஆம் எண் பெட்டினா இன்றும் அதே பெயரில் சுற்றுகிறது.

கதை அதோடு முடியவில்லை. வியன்னா வான்காட்சியகத்துக்குக் கொடை கொடுத்தவர் என்ற நன்றியில், 1911-ல் பாலிசா கண்டுபிடித்த வேறொரு கல்லுக்கு 'ஆல்பர்ட்' என்று அவர் பெயரே வந்தது. 719-ஆம் எண். வந்த வேகத்தில் அது காணாமல் போயிற்று. யாராலும் மறுபடி பிடிக்க முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் அகப்பட்டது. மனைவிக்குக் காசு கொடுத்து வாங்கிய கல் ஒழுங்காக வீட்டிலேயே இருந்தது. இலவசமாக வந்த கணவர் 89 வருஷம் ஊர் சுற்றினார். தாத்தா, பேரன் பெயரை ரேஷன் கார்டில் முதலில் சேர்த்துவிடுங்கள்.

சரி, முறைப்படி எப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்? படிப்படியாகச் சொல்லவும்.
— இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

டீச்சர் கேட்டால் படிப்படியாகத்தான் சொல்ல வேண்டும்.

பிரசவ வார்டில் குழந்தையின் கையில் ஒரு சீட்டுக் கட்டுவார்களே, 'இன்னாரின் குழந்தை' என்று, அது போல முதலில் ஒரு தற்காலிகக் குறியீடு. உதாரணமாக 2004 எம்.என்.4. ஆண்டு புரிகிறது. அடுத்த எழுத்து, எந்த அரை மாதத்தில் பிறந்தது என்பதைச் சொல்லும். வருஷத்துக்கு 24 அரை மாதம். ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஐ என்ற எழுத்து ஒன்றாம் எண் போல் இருந்து குழப்பும் என்று விலக்கிவிட்டார்கள். கடைசி இசட் தேவைப்படவில்லை. ஆக எம் என்றால் ஜூன் மாதத்தின் பின்பாதி. இரண்டாவது எழுத்து அந்த அரை மாதத்துக்குள் எத்தனையாவது என்று சொல்லும். இங்கே 25 எழுத்து; என் பதின்மூன்றாவது. 25 தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. எத்தனை சுற்று முடிந்தது என்பதே கடைசி எண். நாலு சுற்று நூறு, கூட 13. எனவே 2004 எம்.என்.4 என்பது 2004 ஜூன் பின்பாதியில் பதிவான 113-ஆவது சிறுகோள். இந்தக் கல்லை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்பி வரும்.

பிறகு காத்திருப்பு. ஓரிரவு பார்த்தால் போதாது. அது பூமிக்கு நேராக, சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில், பொதுவாக நான்கு தடவையாவது வந்து மாட்ட வேண்டும். சுற்றுப்பாதை ஐயமின்றி வரையறுக்கப்பட்ட பிறகு நிரந்தர எண் கிடைக்கும். அதுதான் ஆதார். எண் கிடைத்த நாளிலிருந்து பத்து வருஷம், பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அவர் சும்மா இருந்துவிட்டால் மற்றவர்கள் கேட்கலாம். பெயரோடு, ஏன் இந்தப் பெயர் என்று சின்னக் குறிப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் அறிவிப்பிதழில் அச்சாகும்.

இதுவரை தெரிந்த சிறுகோள்கள் 14 லட்சத்துக்கு மேல். எண் பெற்றவை பாதிக்கு மேல். பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம்தான். மற்றதெல்லாம் இன்னும் கையில் சீட்டோடு கிடக்கின்றன.

நான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தால் என் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?
— வெங்கடசுப்பிரமணியன் என்று பெயர் கொண்ட வாசகர், மயிலாப்பூர்

வழக்கமில்லை. அடுத்தவருக்குச் சூட்டுவதுதான் மரியாதை. அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் பெயர் உள்ளே நுழையாது. இடைவெளி, புள்ளி உட்பட 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் நீங்கள் 12 எழுத்துதான். ஆனால் கணக்கு ஆங்கில எழுத்தில். விரல் விட்டு எண்ணினேன், 18 வருகிறது. வெங்கட் என்று சுருக்குங்கள், நண்பர்கள் எப்படியும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். விஸ்வநாதன் ஆனந்த் என்பதை ஒட்டி எழுதியிருந்தால் சரியாக 16-ல் நின்றிருக்கும். ஆனாலும் விஷியானந்த் என்று செல்லப் பெயரையே வைத்துவிட்டார்கள். சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அதே கதை: 1958-ஆம் எண் சிறுகோளின் பெயர் வெறும் 'சந்திரா'.

எங்கள் வட்டச் செயலாளர், தலைவர் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். நடக்குமா?
— கட்சி சாராதவன், திருநெல்வேலி

நடக்கும். தலைவர் மறைந்து நூறு வருஷம் கழித்து. அரசியல், ராணுவம் இரண்டு துறைக்கும் அந்த விதி பொருந்தும். ஆள் மட்டுமல்ல, நிகழ்ச்சிக்கும் அப்படித்தான். நூறு வருஷத்துக்குப் பிறகும் ஊர் ஞாபகம் வைத்திருந்தால் பார்க்கலாம் என்று அர்த்தம். நம் ஊர்ப் பேருந்து நிலையங்களுக்கும் இந்த விதியைக் கொண்டுவந்தால் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் பட்டினி கிடப்பார்கள்.

தகராறு பழையது. 1850-ல் லண்டனில் ஜான் ரஸல் ஹிண்ட் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து விக்டோரியா என்றார். அமெரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது: உயிரோடு இருக்கும் ராணியின் பெயரை வைப்பதா? ஹிண்ட் அசரவில்லை. அது ரோமானியரின் வெற்றித் தெய்வத்தின் பெயர் என்றார். பெயர் நின்றது. சிலேடை நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று யார் சொன்னது?

பூனை, நாய்?
— வளர்ப்பவர், கோவை

இனி வேண்டாம் என்கிறார்கள். 2309-ஆம் எண் சிறுகோளுக்கு, கண்டுபிடித்தவர் தன் பூனையின் பெயரை வைத்தார்: மிஸ்டர் ஸ்பாக். தொலைக்காட்சித் தொடரில் வரும் பாத்திரத்தின் பெயரைத்தான் பூனைக்கு வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் செல்லப் பிராணிகளை ஊக்குவிப்பதில்லை என்று விதியில் சேர்த்தார்கள். பூனை ஒன்று விண்வெளிச் சட்டத்தைத் திருத்தியது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கல் என் பெயரில் இருந்தால் அந்த இடம் எனக்குச் சொந்தமா?
— நில புரோக்கர், ஓசூர்

பட்டா, சிட்டா, அடங்கல் எதுவும் கிடையாது. எந்த நாடும் வானத்துப் பொருளுக்கு உரிமை கொண்டாட முடியாது என்று 1967-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள்.

சிறுகோள்களில் பெண் பெயர்களே அதிகம் கண்ணில் படுகின்றன. பெண்ணியமா?
— வாசகி, மதுரை

அப்படி நினைத்துச் சந்தோஷப்பட ஆசைதான். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் பாதிரியார் பியாஸி முதல் சிறுகோளைக் கண்டார். சிசிலிக்குரிய தானியத் தெய்வம் சீரிஸ். கூடவே மன்னர் பெர்டினாண்டுக்கும் வால் பிடித்து 'சீரிஸ் பெர்டினாண்டியா' என்றார். மன்னர் பெயரை மற்ற நாட்டார் ஏற்கவில்லை, சீரிஸ் நின்றது. அடுத்து பல்லஸ், ஜூனோ, வெஸ்டா. நாலும் தெய்வப் பெண்கள். அதுவே மரபாயிற்று. 1898-ல் ஈரோஸ் வந்துதான் ஆண் பெயர் நுழைந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்களைப் பெண்ணாக்கியே உள்ளே விட்டார்கள்: ஆயிரமாவது கல் பியாஸியின் நினைவாக, பெயரோ பியாஸியா. அடுத்தது கணித மேதை காஸ், காஸியா ஆனார்.

பெயரில் இருந்த பெண், தொலைநோக்கி அருகே இருந்தாளா? ஒரு பெண்ணைச் சொல்கிறேன், சென்னைக்காரி என்றே சொல்லலாம். எலிசபெத் ஐசிஸ் போக்சன். தந்தை 1856-ல் ஆக்ஸ்போர்டில் கண்ட 42-ஆம் சிறுகோளின் பெயரும் ஐசிஸ். அது எகிப்தியத் தெய்வம். ஆக்ஸ்போர்டில் தேம்ஸ் நதிக்கும் அதே பெயர். ஒரே சொல் தெய்வத்துக்கும் ஆற்றுக்கும் மகளுக்கும் பொருந்தியது. அந்த மகள் மதராஸ் வான்காட்சியகத்தில் தந்தைக்கு உதவியாளராகப் பல வருஷம் வேலை பார்த்தார். 1886-ல் லண்டனின் ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயரை முன்மொழிந்தார்கள். பெண் என்பதால் மறுத்தார்கள். சேர்த்துக்கொண்டது 1920-ல். கல்லுக்குப் பெண் பெயர் வைக்க ஒரு நாள் போதும். பெண்ணை உள்ளே விட 34 வருஷம்.

சென்னையில் யாராவது சிறுகோள் கண்டுபிடித்தார்களா? இல்லை, எல்லாம் வெள்ளைக்காரன் வேலைதானா?
— வாசகர், சைதாப்பேட்டை

வெள்ளைக்காரன் வேலைதான். ஆனால் நுங்கம்பாக்கத்தில் செய்த வேலை.

மழைக்காலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டி "நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா சார்" என்பது போல் நிற்பார்களே, அந்த வானிலை மைய வளாகத்தில்தான் மதராஸ் வான்காட்சியகம் இருந்தது. 1792-ல் கட்டியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

மேலே சொன்ன ஐசிஸின் தந்தை நார்மன் போக்சன் 1861-ல் அரசு வானியலாளராக இங்கே வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 17 இரவில் ஒரு சிறுகோள் மாட்டியது. ஆசியக் கண்டத்திலிருந்து யாரும் கண்டுபிடித்த முதல் சிறுகோள். ஆகவே 'ஆசியா' என்றே பெயர் வைத்தார், 67-ஆம் எண். பிறகு 1864 மே மாதம் சாப்போ. கிரேக்கப் பெண்கவியின் பெயர். 1866 மே மாதம் சில்வியா. 1868 நவம்பரில் கமில்லா. 1885 பிப்ரவரியில் வேரா. மொத்தம் ஐந்து. தேதிகளைப் பாருங்கள்: ஏப்ரல், மே, மறுபடி மே. ஊரே கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் பாய் விரித்து விசிறிக்கொண்டிருந்த இரவுகளில், மேகமில்லாத வானத்தை ஒருவர் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

இதில் சில்வியாவுக்கு ஒரு பின்கதை உண்டு. ரோமானியப் புராணத்தில் ரியா சில்வியா, ரோம் நகரைக் கட்டிய இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ் இருவருக்கும் தாய். நுங்கம்பாக்கத்தில் பெயர் வைத்து 135 வருஷம் கழித்து, 2001-ல் அந்தக் கல்லுக்கு ஒரு குட்டி நிலா இருப்பது தெரிந்தது. 2004-ல் இன்னொன்று. இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று முதலில் தெரியவந்தது சில்வியாதான். நிலாக்களுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? ரோமுலஸ், ரீமஸ். தாய்க்கு முதலில் பெயர் வைத்துவிட்டு, பிள்ளைகள் பிறக்கும் வரை வானம் காத்திருந்திருக்கிறது.

இனி 'எல்லாம் வெள்ளைக்காரன் வேலையா' என்பதற்கு. அதே வான்காட்சியகத்தில் போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். துரதிர்ஷ்டம், அவர் கண்டது கோள் அல்ல, விண்மீன். ஒளி மாறும் விண்மீனுக்குப் பெயர் சூட்டும் உரிமை கண்டவருக்கு இல்லை. எழுத்தும் மண்டலப் பெயரும் சேர்ந்த குறியீடு மட்டும். அது 'ஆர் ரெடிகுலி' ஆயிற்று. கல்லைக் கண்டிருந்தால் அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து என்ன பெயர் வைத்திருப்பார் என்று யோசிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன ஏக்கம் வரும்.

நம்மவர் பெயர் வைக்கும் நாள் 1988-ல் வந்தது. ஜவ்வாது மலையில் காவலூர். 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து கிடைத்த முதல் சிறுகோள். ராமானுஜன் பிறந்து நூறாண்டு நிறைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெயரைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. 4130 ராமானுஜன். எண்களோடு விளையாடியவருக்கு எண்ணோடு பெயர். 4130-ல் ஏதாவது விசேஷம் உண்டா என்று அவரிடம் கேட்டிருந்தால் படுக்கையிலிருந்தே சொல்லியிருப்பார்.

காவலூர் மையத்தை உருவாக்கிய வைணு பாப்புவுக்கும் ஒரு கல் உண்டு, 2596. போக்சனுக்கும் உண்டு, 1830.

ஆர்தர் சி. கிளார்க் எங்கள் நாட்டில்தானே வாழ்ந்தார். அவருக்குக் கல் இல்லையா?
— வாசகர், கொழும்பு

உண்டு, 4923 கிளார்க். ஆனால் மனிதருக்கு அந்த எண்ணில் திருப்தி இல்லை. '2001' என்று கதை எழுதியவர், 2001-ஆம் எண்ணைத்தானே எதிர்பார்ப்பார்? விசாரித்தால் அது ஏற்கெனவே ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டிருந்தது. ஐன்ஸ்டைனோடு சீட்டுக்குச் சண்டை போட முடியுமா? ஒரு ஆறுதல்: அவர் கதையில் வரும் கணினியின் பெயர் ஹால் 9000. ஒன்பதாயிரமாவது சிறுகோளுக்கு 'ஹால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எண்ணையும் பெயரையும் பொருத்தும் இந்த விளையாட்டில் பரிசு 'குட்டி இளவரசன்' கல்லுக்குத்தான். அந்தக் கதையில் சிறுவன் வசிக்கும் சிறுகோள் பி-612. கணினிக்காரர்கள் பயன்படுத்தும் பதினாறடிமான எண்முறையில் பி612 என்று எழுதினால் நம் கணக்கில் 46610. அந்த எண்ணுள்ள சிறுகோளின் பெயர், பிரெஞ்சு மொழியில் 'பி-ஆறு-பன்னிரண்டு'. சந்தேகமிருந்தால் பேரனிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நவக்கிரகம் ஒன்பதுதானே. 14 லட்சம் என்கிறீர்கள். ஜாதகத்தில் எங்கே வைப்பது?
— ஜோதிடர், வைத்தீஸ்வரன்கோவில்

ஐயா, வைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டரை வருஷத்துக்கு ஒரு சனிப்பெயர்ச்சிக்கே பேருந்தில் இடம் கிடைப்பதில்லை.

புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்களே, பெயரும் போயிற்றா?
— பத்தாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதவிதான் போயிற்று. 1930-ல் அந்தப் பெயரைச் சொன்னவள் ஆக்ஸ்போர்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுமி, உன்னைவிடச் சின்னவள். 2006-ல் குறுங்கோள் ஆக்கியதும் அதற்கும் வரிசை எண் கொடுத்துவிட்டார்கள்: 134340. முன்னாள் அமைச்சர் முதல் முறையாகக் கியூவில் நின்று டோக்கன் வாங்கியது மாதிரி.

புராணப் பெயர்களை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள்?
— தமிழாசிரியர், சிவகங்கை

தெருவாரியாக. பூமிக்கு அருகே வந்து போகிறவற்றுக்குப் புராணப் பெயர். படைப்புத் தெய்வமும் பாதாளத் தெய்வமும் ஆகாது. புளூட்டோவைப் போன்ற பாதையில் சுற்றுபவற்றுக்குப் பாதாள லோகத்துக்காரர்கள். நெப்டியூனைத் தாண்டிச் சாதாரணமாகச் சுற்றுபவற்றுக்குப் படைப்புக் கதைத் தெய்வங்கள். எந்த நாட்டுப் புராணமும் சம்மதம். 20000-ஆம் எண்ணில் வருணன் இருக்கிறார். தொல்காப்பியம் நெய்தலுக்குச் சொன்ன அதே வருணன், கடற்கரையை விட்டு நெப்டியூனுக்கு அப்பால் குடியேறிவிட்டார்.

வியாழனுக்கு முன்னும் பின்னும் அதே பாதையில் இரண்டு கூட்டம் ஓடுகிறது. அவற்றுக்கு ட்ரோஜன் போர் வீரர் பெயர்கள். முன்னால் போவது கிரேக்கர் முகாம், பின்னால் வருவது ட்ராய் முகாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விதி உறுதியாகும் முன்பே இரண்டு பெயர் வைத்தாகிவிட்டது: ட்ராய் வீரன் ஹெக்டர் கிரேக்க முகாமிலும், கிரேக்கன் பேட்ரோக்லஸ் ட்ராய் முகாமிலும். இரண்டு பேரும் ஒற்றர்களாகவே இன்றும் சுற்றுகிறார்கள். வீரர் பெயர்கள் தீர்ந்துபோகும் நிலை வந்ததால், 2018-ல் சின்ன ட்ரோஜன்களுக்கு ஒலிம்பிக் வீரர் பெயர்களை வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மகாபாரதத்தைக் கேட்டிருந்தால் பதினெட்டு அக்ரோணிப் படையையும் கொடுத்திருப்போம்.

தப்பாக எழுதிய பெயரே நிலைத்துவிட்டது உண்டா? என் பள்ளிச் சான்றிதழில் என் பெயர் தப்பு.
— 'சுரேஸ்' ஆகிவிட்ட சுரேஷ், தர்மபுரி

உங்களுக்கு வானத்தில் ஒரு சகோதரன் இருக்கிறான். பெயர் ஸூஸ்வே.

அமெரிக்க வானொலிக்காரர் லத்தீஃப் நாஸர் ஒருநாள் தன் குழந்தையின் அறையில் மாட்டியிருந்த சூரியக் குடும்பப் படத்தைப் பார்த்தார். வெள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நிலா. அருகே 'ஸூஸ்வே' என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கு நிலாவே கிடையாதே! தேடினார். எங்கும் அந்தப் பெயர் இல்லை. படத்தை வரைந்தவரையே பிடித்து விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அவர் பட்டியலிலிருந்து '2002 வி.ஈ.' என்று கையால் குறித்து வைத்திருக்கிறார். பிறகு தன் கையெழுத்தைத் தானே படிக்கும்போது 2 இசட் ஆகிவிட்டது, சுழியம் ஓ ஆகிவிட்டது. மருத்துவர் சீட்டு மருந்துக் கடையில் படும் பாடு.

வேடிக்கை என்னவென்றால், 2002 வி.ஈ.68 என்ற கல் உண்மையிலேயே விசேஷமானது. சூரியனைத்தான் சுற்றுகிறது, ஆனால் வெள்ளியோடு கூடவே சுற்றுவது போன்ற பாதை. எந்தக் கோளுக்கும் இப்படி ஒரு போலி நிலா இருப்பது முதலில் தெரிந்தது இதை வைத்துத்தான். நாஸர், கண்டுபிடித்தவரோடு பேசி, அந்தத் தப்பையே பெயராக முன்மொழிய வைத்தார். புராணப் பெயர்தான் வேண்டும் என்று குழு முரண்டு பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் 524522 ஸூஸ்வே என்று அச்சாயிற்று. நீங்களும் சான்றிதழைத் திருத்த அலையாமல் சுரேஸாகவே இருந்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் ஏன் இவ்வளவு குறைவு? சதியா?
— உணர்வாளர், திருச்சி

சதியில்லை, வரவு குறைவு. கண்டவர் வைக்கிறார். ஜப்பானியர் நூற்றுக்கணக்கில் கண்டார்கள், தங்கள் மலையையும் ஊரையும் வைத்தார்கள். அவர்கள் விண்கலம் போன ஒரு கல்லுக்கு 'ரியுகு' என்று பெயர்: கடலடி நாக அரண்மனை. அவர்கள் நாட்டுக் கதையில் மீனவன் அங்கே போய் மூடிய பெட்டியோடு திரும்புவான். ஹயபுஸா-2 அந்தக் கல்லிலிருந்து 5.4 கிராம் மண்ணை மூடிய பெட்டியில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. பெயரை வைத்தவர்கள் கதையையும் நடத்திக் காட்டினார்கள்.

கண்டுபிடிக்காமலும் வழி உண்டு. பெண்ணு என்ற கல்லுக்கு, மாணவர் போட்டியில் வென்ற ஒன்பது வயதுப் பையன் வைத்த பெயர்; எகிப்தியப் பறவை. சர்வதேசப் பள்ளி அறிவியல் போட்டிகளில் பரிசு பெறும் மாணவர்களின் பெயரையே சிறுகோளுக்கு வைக்கும் அமெரிக்கத் திட்டம் ஒன்றும் உண்டு. இந்தியப் பிள்ளைகள் பலர் அதில் இருக்கிறார்கள். முழக்கம் போடும் நேரத்தில் ஊர்ப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள். பெயர் பின்னாலேயே வரும்.

அபோபிஸ் என்ற கல் மோதப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
— தூக்கம் கெட்டவர், நாகர்கோவில்

தூங்குங்கள். மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, 2004 எம்.என்.4, அதுதான் இது. கண்டுபிடித்த ஆண்டு டிசம்பரில், மோத 37-ல் ஒரு பங்கு வாய்ப்பு என்று ஒரு கணக்கு வந்து வயிற்றைக் கலக்கியது உண்மை. பிறகு பாதையைத் துல்லியமாக அளந்ததும் அந்தப் பயம் போயிற்று. அடுத்த நூறு வருஷத்துக்கு மோதாது என்று 2021-ல் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

பெயர் மட்டும் பயமுறுத்தும் பெயர்தான். எகிப்தியப் புராணத்தில் இருட்டின் பாம்பு. இரவுதோறும் சூரியத் தெய்வத்தை மறித்து நிற்கும். நம் ராகுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் கண்டுபிடித்தவர்களில் இருவர் 'ஸ்டார்கேட்' என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள். அதில் வரும் வில்லன் பெயரும் அபோபிஸ். புராணம் என்று சொல்லி சீரியலை உள்ளே நுழைத்த சாமர்த்தியம்.

மோதாவிட்டாலும், அந்தக் கல் பூமியிலிருந்து ஏறக்குறைய 32 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும். நம் டிஷ் ஆன்டெனாக்களுக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்களே 36 ஆயிரத்தில்தான் இருக்கின்றன. மிக அருகே வரும் நேரம் கிரீன்விச் கணக்கில் 2029 ஏப்ரல் 13, இரவு 9.45 சுமாருக்கு. நமக்கு அப்போது ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி. சித்திரை ஒன்று.